வலப்பக்கம் ஏறும் கொடி

அந்த அக்காவின் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. மறந்துபோய் அல்ல. தான் சரிபார்க்காத எதிலும் தன் பெயர் வரக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். இதை அவர் பார்க்கவில்லை. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் தமிழில் கேட்டுக்கொண்டு தெலுங்கில் பதில் சொல்கிறவர்கள். ஆகவே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். இதில் அவளுக்கும் பங்கு உண்டு.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மல்காஜ்கிரியில் ஒற்றை அறையில் தங்கி, ஊருக்கு வெளியே இருந்த அரசாங்கத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெஷின் செய்கிற தொழிற்சாலை. அதற்குச் சொந்தமாக ஒரு சின்ன அச்சகம் இருந்தது. மெஷினோடு கொடுக்கிற விளக்கப் புத்தகம், லீவு பாரம், காண்டீன் டோக்கன் எல்லாம் அங்கேதான் அச்சாகும். நான் அதில் ப்ளேட், அதாவது அச்சுத் தகடு, போடுகிறவன்.

அக்கா டிராயிங் ஆபீசில் ட்ரேஸர். இன்ஜினியர் பென்சிலில் வரைந்த படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து, மையால் அப்படியே எடுக்கிற வேலை. ட்ரேசிங் பேப்பரில் இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும். ஒரு தாளைத் திருப்பிப் போட்டுவிட்டால் இடது கைப் பாகம் வலது கைப் பாகமாகிவிடும். பட்டறையில் கேள்வி கேட்காமல் அப்படியே நூறு செய்து அடுக்கிவிடுவார்கள். பிறகு அது எதிலும் பொருந்தாது. அக்கா பல வருஷமாக அந்த வேலையில் இருந்தார். அவர் மேஜையிலிருந்து ஒரு தாளும் இடம் வலமாகத் திரும்பிப் போனதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் அதைப் பாராட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அவரை முதலில் கவனித்தது கம்பெனி பஸ்ஸில். மாரெட்பள்ளியில் ஏறுவார். தொழிற்சாலைக்குப் போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருவார். வீட்டுக்கு வரும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருவார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். மழைக்காலத்திலும் அப்படியே உட்கார்ந்தார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அப்படி உக்காந்தாத்தான் போகும்போதும் வரும்போதும் ரோட்டுல அதே பக்கத்தப் பாக்க முடியும், தம்பி."

"மறு பக்கம்?"

"அது ஜூலைலருந்து."

ஆறு மாதம் ஒரு பக்கம், ஆறு மாதம் மறு பக்கம். ஜூலை முதல் நாள் அவர் வலப்பக்கம் உட்கார்ந்ததைப் பார்த்து டிரைவர், "அம்மா மாறிட்டாங்க. பாதி வருஷம் போச்சு" என்றார். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மடியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எந்தக் கம்பத்தில் கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கிறது, எந்த காம்பவுண்டில் கொன்றை பூத்திருக்கிறது என்று எழுதிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போவார். அவருடைய வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி ஹைதராபாத் உருதுதான்; வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு.

அந்தக் கேமரா இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரி கண்ணில் வைத்துப் பார்ப்பதல்ல. ஒரு பெட்டி. ஒன்றின் மேல் ஒன்றாக முன்னால் இரண்டு கண். வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேலே திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடியில் எதிரே இருப்பது தெரியும். ஆனால் இடம் வலமாகத் தெரியும். ஒருமுறை மாதாப்பூர் பக்கம், பாறையும் சீத்தாப்பழப் புதரும் இருந்த இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அக்கா கேமராவை என் கையில் கொடுத்து, "பாருங்க" என்றார். ஒரு மைனா நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அது வலப்பக்கம் போனது. நானும் கேமராவை வலப்பக்கம் திருப்பினேன். மைனா காணாமல் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் இடப்பக்கம் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் ஆகும்" என்றார் அக்கா.

"எனக்கு இன்னமும் ஆகுது" என்றார் அண்ணன்.

அந்தப் பெட்டியில் பொய்யாகத் தெரிவதை அக்கா நம்ப மாட்டார். படம் எடுத்த உடனே நோட்டில் எழுதுவார். தான் எந்தத் திசை பார்த்து நின்றார், பறவை எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தது, பூ எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. படம் கழுவி வந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு, சரி என்று எழுதி வைப்பார். பறவையைப் பற்றி அவரிடம் யார் எது சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். எங்கள் காண்டீனில் ஒருவர் வந்து, குளத்தில் மீன்கொத்தி பார்த்தேன் என்று ஆசையாகச் சொன்னார்.

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்துச்சு?"

"தெரியலயே மேடம்."

"அப்ப என்ன பாத்தீங்க?"

அந்த ஆள் பிறகு பறவை பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மனிதர்களைப் படம் எடுக்க மாட்டார். கல்யாணம், பிறந்தநாள் என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். "மனுசங்க எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார். பறவை மட்டும் தெரியுமா என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "பறவை திரும்பினா பறந்துடும், தம்பி. மனுசங்க திரும்பிக்கிட்டு அங்கேயே நிப்பாங்க."

ரயில்வே பாஸில் வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது போவார்கள். போகிற ஊரைவிட வழியில் இருக்கிற ஸ்டேஷன்களில்தான் அக்காவுக்குக் கண். வண்டி நின்றால் இறங்கி, பிளாட்பாரத்துக் குழாயடியில் தண்ணீர் குடிக்க வருகிற குருவிகளையும் வேலியில் படர்ந்த பூக்களையும் எடுப்பார். அண்ணன் கதவருகே நின்றுகொண்டு ரயில் கார்டு பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஒருமுறை காஜிப்பேட்டையில் ஒரு கரிச்சான் முகத்தைத் திருப்பட்டும் என்று அக்கா நின்றார். வண்டி புறப்பட்டது. கரிச்சான் திரும்பவில்லை. அண்ணன் சாப்பாட்டுக் கூடையோடு வாரங்கல் போய் இறங்கினார். அக்கா அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தார்.

"ஏதாவது சாப்டியா?" என்று அண்ணன் கேட்டாராம்.

"திரும்பவே இல்ல" என்றாராம் அக்கா.

சர்ச் விற்பனையில் ஒரு மேய்ப்பர் படம் வாங்கிப் போய், மறு வாரமே ஆயரிடம் திருப்பிக் கொண்டுவந்தார். கோல் இடது கையில் இருக்கிறது, அச்சடிக்கும்போது திருப்பிவிட்டார்கள் என்றார். "மேய்ப்பர் இடக்கைக்காரரா இருக்கலாமேம்மா" என்றார் ஆயர். "பைபிள்ல எந்த அதிகாரத்துல, ஐயா?" என்று கேட்டார் அக்கா. ஆயர் பணத்துக்குப் பதிலாக வேறொரு படம் கொடுத்தார். அதில் ஆடுகள் மட்டும் இருந்தன.

அவர்கள் வீட்டில் கல்யாணப் படம் சுவரில் இல்லை. அதை அண்ணன்தான் எனக்குச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் படத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார். சேலைத் தலைப்பு வலது தோளில் விழுந்திருந்தது. கல்யாணமாகி எட்டாவது நாள், அக்கா பஸ் ஏறிப் போய் அதைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர் கழுவிய பிலிமைத் தொலைத்துவிட்டார். "அந்தப் படத்தையே மாட்டியிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். "ஹவ், நானும் அதான் சொன்னேன்" என்றார் அண்ணன். "அது நம்ம இல்ல, நம்ம மாதிரி வேற ரெண்டு பேருன்னுட்டா."

இதையெல்லாம் நான் அந்த டிசம்பருக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தேன். தெரிந்திருந்தும்தான் அது நடந்தது.

அந்த வருஷம் கம்பெனி காலண்டருக்கு மெஷின் படம் வேண்டாம், பூவும் பறவையும் போடலாம் என்று மேலே முடிவு செய்தார்கள். அக்காவிடம் பன்னிரண்டு படம் கேட்டார்கள். கொடுத்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் அம்புக்குறி. ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் பெயர் போடுவதாகப் பேச்சு. ஜூலை மாதத்துக்கு அவர் கொடுத்தது ஒரு ரயில்வே வேலி. வேலிக் கம்பத்தில் ஊதாப் பூக் கொடி சுற்றிக்கொண்டு ஏறுகிறது. உச்சியில் ஒரு தேன்சிட்டு. ஸ்டேஷன் ஓரமெல்லாம் படர்ந்து கிடக்குமே, ரயில்வே கிரீப்பர் என்று சொல்வார்கள், அதுதான்.

எனக்கு அப்போது ப்ரொபேஷன் முடிய மூன்று வாரம் இருந்தது. ப்ரொபேஷன் என்றால், வைத்துப் பார்க்கிற காலம். நல்லபடியாக முடிந்தால் பர்மனென்ட் ஆர்டர் வரும். உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, ரயில்வே பட்டறையில் பிட்டர். ஆர்டரைக் கையில் பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி என்று சொல்லிவிட்டார். அதாவது, அந்த ஆர்டர் வராமல் போயிருந்தால் இதைப் படிக்க நீங்கள் மூன்று பேரும் இருந்திருக்க மாட்டீர்கள்.

ப்ளேட் போடுவது எப்படி என்று சொல்கிறேன். படத்தைப் பெரிய கேமராவில் பிலிமாக எடுப்போம். அந்த பிலிமைத் தகட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் தகட்டில் படம் இறங்கும். பிலிமுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. மங்கல் பக்கம் தகட்டைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். எழுத்து திரும்பினால் உடனே தெரிந்துவிடும். படம் திரும்பினால் தெரியாது. அந்த அறையில் வெளிச்சம் குறைவு. கண்ணால் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அதனால் விரலை நாக்கில் தொட்டு பிலிமின் ஓரத்தில் வைப்போம். மங்கல் பக்கம் ஒட்டும். பளபளப்புப் பக்கம் ஒட்டாது. எல்லா அச்சகத்திலும் இப்படித்தான்.

அன்று என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. ஜிலேபி கொண்டுவந்து கொடுத்தார். நான் இரண்டு தின்றேன். கையை மெஷின் துடைக்கிற பழைய வேட்டித் துணியில் துடைத்துவிட்டு ஜூலை மாதத்தை எடுத்தேன். மங்கல் பக்கமும் ஒட்டியது. பளபளப்புப் பக்கமும் ஒட்டியது. முதலில் ஒட்டிய பக்கத்தைத் தகட்டின் மேல் வைத்தேன்.

காலண்டரைக் காண்டீனில் வைத்துக் கொடுத்தார்கள். அன்று மாலை பஸ்ஸில் அக்கா தன்னுடையதைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஜூலையில் நின்றார். பிறகு அந்தத் தாளைத் தூக்கி, அச்சடித்த பக்கம் வெளியே இருக்கும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமிருந்து பார்த்தார். ட்ரேஸர்கள் தாளைச் சரிபார்க்கிற விதம் அது. மல்காஜ்கிரியில் நான் இறங்கும்போதும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இறங்க வேண்டிய மாரெட்பள்ளி எப்போதோ போய்விட்டது.

மறுநாள் மேலதிகாரிக்கு அவர் கடிதம் எழுதினார். டைப் அடித்து, மூன்று பிரதி. ஜூலை மாதப் படத்தில் கொடி தவறான பக்கமாகச் சுற்றுகிறது, படம் திருப்பி அச்சாகியிருக்கிறது, திருத்தம் வெளியிட வேண்டும் என்று. யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் பிரதி ஒன்று அச்சகத்துக்கு வந்தது.

எங்கள் போர்மேன் தெலுங்குக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ரிட்டயர் ஆகிறவரை எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வராமல் இருந்துவிட வேண்டும் என்று நினைத்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏமய்யா, இந்தப் படத்த நீ திருப்பினியா?"

நான் கையைத் துணியில் துடைத்தேன்.

"பேசாத. அதான் நல்லது. அந்தம்மா குடுத்ததே அப்படித்தான்னு நான் எழுதிடறேன். அவங்க குடுத்த ஒரிஜினல் எங்க?"

"தேடணும் சார்."

"நக்கோ. தேடாத" என்றார்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் படம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. பின்னால் அம்புக்குறியோடு. அது இல்லாமல் போனால், படத்தைத் திருப்பிக் கொடுத்தது அக்கா என்று ஆகிவிடும். அவ்வளவு வருஷத்தில் ஒரு தாளும் திரும்பாத ஆள். அது இருந்தால், திருப்பியது நான் என்று ஆகிவிடும். அன்று சனிக்கிழமை. படத்தைச் சட்டைக்குள் வைத்து அறைக்குக் கொண்டுவந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். டீ போட்டுக் குடித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரெட்பள்ளிக்குப் போனேன். கடிதத்தை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சுவதுதான் என் எண்ணம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். அக்கா மேஜையில் படங்களுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அக்கா முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு முன்பக்கம்.

"இது சரியாத்தானே இருக்கு" என்றார்.

"நான்தான் அக்கா திருப்பிட்டேன்."

"எப்படி?"

ஜிலேபியைச் சொன்னேன். அண்ணன் டீ தம்ளரோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எந்தக் கையால சாப்டீங்க?"

"வலது கை."

"எத்தன?"

"ரெண்டு."

தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு இப்போது எல்லாம் பொருந்திவிட்டது என்று தெரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் பொருந்தவில்லை. பர்மனென்ட் ஆர்டரைச் சொன்னேன். தாத்தா சொன்ன நிபந்தனையைச் சொன்னேன். போர்மேன் எழுதப் போவதையும் சொன்னேன்.

"கைக்கு இவ்ளோ பெருசு பண்ணனும்?" என்றார் அண்ணன் அக்காவிடம். "ஒரு பூ. ஒரு குருவி. இந்தப் பக்கம் பாத்தா என்ன, அந்தப் பக்கம் பாத்தா என்ன?"

"குருவி எந்தப் பக்கம் வேணா பாக்கும். அது தப்பில்ல" என்றார் அக்கா. "கொடி அப்படி இல்ல. அந்தக் கொடி வலப்பக்கமாத்தான் ஏறும். நான் எத்தனையோ ஸ்டேஷன்ல பாத்திருக்கேன், ஒண்ணுகூட மாறினதில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "லெட்டர வாபஸ் வாங்க மாட்டேன், தம்பி."

"சரி அக்கா."

"உங்க பேர நான் எழுதல. அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். கேட்டா சொல்லுவேன்."

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் கையிலிருந்த டீயை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தேன்.

"கேக்கறதுக்கு முன்னாடி நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நான் வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

"முழுசா எழுதுங்க" என்றார் அக்கா. "ஜிலேபியையும்."

திங்கட்கிழமை காலை எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை மேலதிகாரி எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். மேஜையில் அக்காவின் கடிதம், போர்மேன் குறிப்பு, என் கடிதம் மூன்றும் இருந்தன. அதிகாரி காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்றாகத்தானே இருக்கிறது. இதில் என்ன தவறு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு போல்ட்டை எடுத்தார். எங்கள் பட்டறையில் செய்த சாதாரண போல்ட். ஜூலை மாதத்தின் பக்கத்தில், கொடி ஏறின கம்பத்துக்கு இணையாக, அதை நிறுத்தி வைத்தார். போல்ட்டின் மரை கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக ஏறியது. கொடி அதற்கு நேர் எதிராக ஏறியது.

அதிகாரி லேத் மெஷினில் நின்று மேலே வந்தவர். போல்ட்டைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"லெப்ட் ஹேண்ட் த்ரெட்" என்றார். அதாவது, இடப்பக்கமாக ஏறுகிற மரை.

"ஆமா சார்" என்றார் அக்கா.

"மெஷின் வாங்குகிறவர்களுக்கெல்லாம் இதை அனுப்பிவிட்டோம்."

"ஆமா சார்."

அதிகாரி என் கடிதத்தை எடுத்து ஜிலேபி வரைக்கும் படித்து, அங்கே நிறுத்தி, என் கையைப் பார்த்தார். போர்மேன் குறிப்பை மடித்து இழுப்பறையில் போட்டார். எனக்கு ப்ரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீட்டப்பட்டது. திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஜூலை மாதப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பார்க்கவும் என்று. கீழே அக்காவின் பெயரைப் போடலாமா என்று போர்மேன் கேட்டார். அப்போதுதான் அவர், தான் சரிபார்க்காத எதிலும் இனிமேல் தன் பெயர் வேண்டாம் என்று சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு வாரம் காண்டீனில் யாராவது ஒருவர் காலண்டரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் தாத்தாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு சொல்லலாம், அதற்கடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தள்ளினேன். இனி வருவது உங்கள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது.

ஒரு சாயங்காலம் அக்காவும் அண்ணனும் தாத்தா வீட்டுக்கு வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. அக்கா உட்காரவும் இல்லை.

"உங்க பொண்ணுக்குப் பேசியிருக்கிற பையனுக்கு பர்மனென்ட் ஆர்டர் வரல" என்றார்.

தாத்தா முகம் போன விதத்தை அம்மாவிடம் கேளுங்கள். "நீங்க யாரும்மா?" என்றார்.

"அது வராததுக்குக் காரணம் நான் எழுதின லெட்டர். அவரு ஒரு படத்தத் திருப்பிப் போட்டுட்டாரு. ஆறு மாசம் தள்ளிப் போயிருக்கு. இதுல பாதிய மட்டும் வேற யாராவது வந்து சொன்னா, தப்பான பக்கமா வந்து சேரும். அதான் முழுசாச் சொல்ல வந்தேன்."

சுவரில் நான் கொடுத்த காலண்டர் இருந்தது. அக்கா ஜூலையை எடுத்துக் காட்டினார். போல்ட் தேவைப்படவில்லை. தாத்தா பிட்டர். ஒரு நிமிஷம் பார்த்தார். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே போனார்.  அண்ணன், "கோபமா?" என்று கேட்டதற்கு அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "ஸ்டேஷன் வேலிக்குப் போறாரு" என்றாள். அவர்கள் முன்னால் அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அரை மணி கழித்து வந்தார். காலெல்லாம் சேறு.

"கடைசி வரைக்கும் பாத்துட்டேன். எல்லாம் ரைட் ஹேண்ட்" என்றார். உட்கார்ந்தார். "தப்ப பையனே எழுதிக் குடுத்தானா?"

"அவரேதான்."

"கேட்டதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

"அதிகாரி கேட்டது புதன்கிழம. எழுதினது திங்கக்கிழம. எந்தக் கையில ஜிலேபி தின்னாருன்னுகூட எழுதியிருக்காரு."

"எந்தக் கை?"

"வலது."

தாத்தா காலண்டரை ஆணியில் மாட்டினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஜூலை படத்தின் ஓரத்தில் பட்டறையில் போடுகிற மாதிரி 'லெப்ட் ஹேண்ட்' என்று குறித்தார். பிறகு அதே தாளில் கீழே தேதிகளைப் பார்த்தார்.

"ஆறு மாசம்னா ஜூலை வருது" என்றார். "கடைசி வாரம் வெச்சுக்கலாம். அந்தப் பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆர்டர் டைப் ஆகுதுன்னு சொன்னானே, அதையும் கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொண்டார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலையில் ஆர்டர் வந்தது. அச்சகத்தில் நான் பூந்தி கொடுத்தேன், ஸ்பூன் போட்டு. கல்யாணத்துக்கு அக்கா கேமராவோடு வந்தார். ஒரு படம் எடுங்கள் என்று உங்கள் அம்மா கேட்டாள். அக்கா சர்ச் காம்பவுண்டுக்குப் போய்க் காகிதப் பூவை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களை எடுத்தது ஸ்டூடியோக்காரர். சர்ச் வாசலில், வேலி ஓரமாக நிற்கவைத்து எடுத்தார்.

படம் வந்ததும் அதைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு வாரம் வைத்திருந்தார். இடையில் ஒருநாள் சர்ச் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாக அண்ணன் சொன்னார். பிறகு உறையில் போட்டு பஸ்ஸில் என் கையில் கொடுத்தார். அது ஜூலைக்குப் பிறகு. போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் அண்ணனுக்கு விஜயவாடாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

நம் ஆல்பத்தில் முதல் படம் அதுதான். நாலு மூலையிலிருந்தும் மெதுவாக எடுங்கள், கிழித்துவிடாதீர்கள். பின்னால் பென்சிலில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதன் கீழே, 'மணமகள் மணமகனுக்கு இடப்பக்கம். சேலைத் தலைப்பு இடத் தோள். பின்னால் வேலியில் கொடி, வலம். சரி' என்று இருக்கும்.

அதற்கும் கீழே அவர் பெயர் இருக்கிறது. முழுப் பெயர்.